ரெண்டு கோல் போனப்புறம்

ஸ்கோர் என்ன சார்? உங்க போனைத்தான் கேக்குறேன். எட்டிப் பாத்ததுக்குத் தப்பா நெனைக்காதீங்க, பச்சையா கிரவுண்டு தெரிஞ்சா கண்ணு தானா போயிடுது. ஒண்ணு-ஜீரோவா? எத்தனாவது நிமிஷம்? எழுவத்தி மூணு. அப்ப அந்த நீலச் சட்டைக்காரனுங்களைப் பாருங்க, முன்னாடி இருக்கானுங்க இல்ல, இனிமே ஒருத்தனும் அவசரப்பட மாட்டான். பந்து வெளிய போச்சுன்னா மெதுவா நடந்து போய் எடுப்பான். நல்லா இருக்க ஷூ கயித்தை அவுத்துக் கட்டுவான். பின்னாடி இருக்கவன்தான் நாக்கு தள்ள ஓடுவான். அது தப்பில்ல சார், உலகம் பூரா அப்படித்தான். காலு ஓடுறது தெம்பால மட்டும் இல்ல. ஸ்கோர் போர்டைப் பாத்துதான் ஓடும்.

எனக்கு எப்படித் தெரியும்னா, நான் ஆடுனவன். பதினோரு வருஷம் அதே வேலையா ஆடுனவன், ரெண்டாவது டிவிஷன் லீக்ல ஒரு கிளப்புக்கு. பேரு வேணாம், அந்த கிளப்பே இப்ப இல்ல. என் பேரு சற்குணம். இந்தப் பக்கம் யாருக்கும் தெரியாது, வியாசர்பாடி கிரவுண்டுல எக்ஸ்பிரஸ்னு கேட்டீங்கன்னா கை காட்டுவாங்க. நீங்க எதுவரைக்கும்? பெரியபாளையமா? கோயிலுக்கா? நல்லது சார். எனக்கும் அங்கதான், ஆனா கோயிலுக்கு இல்ல.

இந்தக் கவரா? ஒண்ணுமில்ல, ஒரே ஒரு பேப்பர். ரெட்ஹில்ஸ்ல ஏறுனதுலேர்ந்து இதைத்தான் புடிச்சிக்கிட்டு இருக்கேன்னு பாக்குறீங்க. மடியில கனம் இருந்தா வழியில பயம்னு சொல்லுவாங்க இல்ல, ஒரு பேப்பரு இவ்ளோ கனமா இருக்கும்னு எனக்கே இப்பதான் தெரியுது.

எல்லாத்துக்கும் அந்த மிஷினுதான் சார் காரணம்.

ஒன்பது வருஷம் முன்னாடி எங்க கிளப்புல ஒரு பனியன் கொண்டாந்தாங்க. நெஞ்சை மட்டும் மூடுற மாதிரி, கறுப்பா, இறுக்கமா. முதுகுல கழுத்துக்குக் கீழ ஒரு சின்ன பை, அதுக்குள்ள தீப்பெட்டி அளவுக்கு ஒரு மிஷினு. எங்க நின்னே, எவ்ளோ தூரம் ஓடுனே, எவ்ளோ வேகத்துல ஓடுனே, எல்லாம் அதுல ஏறிடும். நாங்க அதுக்கு 'பாடி'ன்னு பேரு வெச்சோம். பாக்க அப்படியே பொம்பளைங்க உள்ள போடுறது மாதிரி இருக்கும். அதைப் பாத்துக்க ஒரு பொண்ணைப் போட்டாங்க, பெனாசிர்னு, திருச்சிப் பக்கம். அது வந்து "எல்லாரும் போட்டாச்சா அண்ணா?"ன்னு கேக்கும்போது இருவத்தி ரெண்டு தடியனுங்களும் தரையைப் பாப்போம்.

அந்தப் பொண்ணு திங்கக்கிழமை திங்கக்கிழமை டிரெஸ்ஸிங் ரூம் கதவுல ஒரு பேப்பரை ஒட்டும். போன மேட்ச்ல யாரு எத்தனை கிலோமீட்டர். மொதப் பேரு எப்பவும் என்னோடது. பதினொண்ணு, பதினொண்ணரை, ஒரு தடவை பன்னெண்டே போயிடுச்சு. நான்தான் கேப்டன், நடு ஆட்டக்காரன், வயசு முப்பத்தி ஒண்ணு. சின்னப் பசங்க அந்தப் பேப்பரைப் பாத்துட்டு என் தொடையைத் தொட்டுப் பாப்பானுங்க. நான் அதை போட்டோ புடிச்சு என் வீட்டுக்காரிக்கு அனுப்புவேன். அவ ரோசலின், ஆட்டம் ஒண்ணும் தெரியாது. ஆனா ஒரு நாளு கேட்டா, "நல்லாத்தான் ஓடுறீங்க. நான் டிவியில பாக்கும்போதெல்லாம் பந்து வேற எங்கயோ இருக்கே, ஏன்?"னு. ஆட்டம் தெரியாதவகிட்ட என்னத்தைச் சொல்றதுன்னு விட்டுட்டேன்.

அந்தப் பேப்பர்ல கடைசிப் பேரு எப்பவும் லூர்து. லூர்துசாமி. என்கூட அதே நடு இடத்துல ஆடுறவன், ஒரே தெரு, ஒரே பஸ்ஸு. என்னைவிட மூணு வயசு சின்னவன், ஆனா வாடா போடாதான். அவனுக்கு ஒன்பதரை கிலோமீட்டர் வந்தா ஜாஸ்தி. பசங்க அவனை "வாக்கிங் அங்கிள்"னு ஓட்டுவானுங்க. அவன் கோவப்படவே மாட்டான். நாம ரெண்டு கோல் பின்னாடி இருந்தோம்னு வைங்க, இவன் இடுப்புல கையை வெச்சுட்டு நடப்பான். நான் கத்துவேன், ஓடுடான்னு. "ரெண்டு கோலு போனப்புறம் இன்னாடா ஓட்டம்? யாருக்குக் காட்டுறதுக்கு?"ன்னுவான். எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

சரி, கேளுங்க. அந்த சீசன்ல மொத பாதி அடி மேல அடி. அப்புறம் எப்படியோ எழுந்து கடைசி நாலுல நுழைஞ்சிட்டோம். ஒரே ஒரு மேட்ச். ஜெயிச்சா மேல் டிவிஷன். அந்த மேட்ச்சுக்கு ஒரு வாரம் முன்னாடி பெனாசிர் என்னைத் தனியா கூப்பிட்டுச்சு. பிசியோ ரூம், யாரும் இல்ல.

"அண்ணா, கோச்சுக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி உங்ககிட்ட காட்டலாம்னு நெனைச்சேன்"ன்னுச்சு.

ஒரு பேப்பரை நீட்டுச்சு. கிலோமீட்டர் இல்ல. வேகமா ஓடுன தூரம் மட்டும், அதையும் ஸ்கோரை வெச்சுப் பிரிச்சிருந்துச்சு. சமமா இருக்கும்போது பத்து நிமிஷத்துக்கு எத்தனை மீட்டர், ஒரு கோல் முன்னாடி இருக்கும்போது எத்தனை, ஒரு கோல் பின்னாடி, ரெண்டு கோல் பின்னாடி.

"முன்னாடி இருந்தா எல்லாருக்கும் கொஞ்சம் குறையும்ணா, பின்னாடி இருந்தா கூடும். வெளிநாட்டுல பெரிய பெரிய லீக்ல பாத்து எழுதியிருக்காங்க. அது மனுஷ இயல்பு. ஆனா உங்களுது..."

"என்னுது என்னம்மா?"

"சமமா இருக்கும்போது தொண்ணூறு மீட்டர். ஒரு கோல் பின்னாடி போனா அறுவதாயிடுது. எல்லாருக்கும் ஏறுற இடத்துல உங்களுக்கு மட்டும் இறங்குது. ரெண்டு கோல் பின்னாடி போனதும் நூத்தி அறுவது. ஒரு மேட்ச்ல இல்லண்ணா, பதினாலு மேட்ச்லயும்."

அது திட்டல சார். திட்டியிருந்தா நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். டாக்டர் ரிப்போர்ட்டைப் படிக்கிற மாதிரி மெதுவா சொல்லிட்டு, "கால்ல ஏதாச்சும் வலி இருக்காண்ணா?"ன்னு கேட்டுச்சு. அந்தக் கேள்விதான் எனக்கு இன்னும் காதுல இருக்கு. கால்ல வலி.

இருக்குன்னு சொன்னேன். தொடையில புடிப்புன்னேன்.

கால்ல ஒரு மண்ணும் இல்ல. எனக்கே தெரியும். ஆட்டம் ஒரு கோல்ல தொங்கிட்டு இருக்கும்போது பந்து என் காலுக்கு வந்தா, நான் தப்பு பண்ணா, அது என் தப்பு. ஊரே சொல்லும், சற்குணத்தால போச்சுன்னு. அதனால அந்த நேரத்துல எதிராளி முதுகுக்குப் பின்னால போய் நின்னுப்பேன். நம்மாளு பந்தைக் குடுக்க நெனைச்சாலும் குடுக்க முடியாது, நடுவுல ஆளு நிக்கிறான் இல்ல. பாக்குறவனுக்கு நான் இடம் தேடுற மாதிரி இருக்கும். அப்படியும் இப்படியும் சும்மா ஓடிட்டே இருப்பேன், அதுவும் கிலோமீட்டர்ல சேந்துடும். ரெண்டு கோல் போயிடுச்சுன்னு வைங்க, விட்டுது சனி. இனிமே என்னால தோக்கப் போறதில்ல. அப்ப காலு ரெண்டும் ரெக்கை மாதிரி ஆயிடும். கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சொல்றாங்களே, அதுல நான் சாம்பியன்.

இதை நான் வேணும்னு பண்ணல சார். அதைப் புரிஞ்சுக்கணும் நீங்க. அந்தப் பேப்பரைப் பாக்குற வரைக்கும் நான் உண்மையா உழைக்கிறவன்னுதான் நெனைச்சிட்டு இருந்தேன்.

அதுக்கு அடுத்த வரி லூர்து. சமமா இருக்கும்போது எண்பது. ஒரு கோல் பின்னாடி நூத்தி அம்பது. ஒரு கோல் முன்னாடி இருந்தாலும் நூத்தி இருவது. ரெண்டு கோல் பின்னாடி, எழுவது. டீம்லயே ஆட்டம் உயிரோட இருக்கும்போது அதிகமா ஓடுனது அந்த வாக்கிங் அங்கிள்தான்.

இப்ப கோச்சு கதைக்கு வரேன். கோச்சு கோவாக்காரர், மெண்டிஸ்னு பேரு. அந்த மேட்ச்சுக்கு முன்னாடி கோல் அடிக்கிறவன் இன்னொருத்தன் வேணும்னு முடிவு பண்ணிட்டாரு. அப்ப நடுவுல நாங்க ரெண்டு பேரு ஆட முடியாது, ஒருத்தன் வெளிய உக்காரணும். நானா, லூர்தான்னு கேள்வி. பேப்பரைப் பாத்து முடிவு பண்றேன்னாரு. அவருக்கு போன்ல பாத்தா தலைவலி வந்துடும், அச்சடிச்சு கையில குடுக்கணும். பெனாசிர் ரெண்டு பேப்பரையும் ஒரு கவர்ல போட்டு வெச்சிருந்துச்சு. அன்னைக்குன்னு பாத்து அதோட அப்பாவை ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்கன்னு ஊர்லேர்ந்து போனு. பொண்ணு அழுதுகிட்டே பையைத் தூக்கிட்டு வந்து, "அண்ணா, இதை சார்கிட்ட குடுத்துடுங்க. நீங்க கேப்டன், உங்களை நம்பிக் குடுக்குறேன்"னு கவரை என் கையில வெச்சிட்டு ஓடிடுச்சு.

ஆமா சார். நீங்க நெனைக்கிறதுதான்.

கோச்சு தங்கியிருந்த ஓட்டல் லிப்டுல போகும்போதுதான் பிரிச்சேன். நாலாவது மாடி. மேல இருந்த பேப்பரை மட்டும் கவர்ல விட்டேன், கதவுல ஒட்டுற அதே கிலோமீட்டர் பேப்பர். ரெண்டாவதை மடிச்சு சாக்ஸுக்குள்ள செருகிட்டேன். கோச் பாத்தாரு. நான் பதினொண்ணு சொச்சம், லூர்து ஒன்பதரை. "நீ ஓடுறே, அவன் நடக்குறான்"னு இங்கிலீஷ்ல சொல்லி என் தோளைத் தட்டுனாரு. நான் தலையை ஆட்டுனேன். அவ்ளோதான். ஒரு வார்த்தைகூட பொய் சொல்லல. கணக்குப் பாத்தா அன்னைக்கு நான் வாயே தொறக்கல.

அந்த மேட்ச்ல லூர்து ஆடணும் சார். அதுதான் விஷயம். ஒரு கம்பெனி டீமுக்கு ஆள் எடுக்குறதுக்குப் பெரிய மனுஷங்க ரெண்டு பேரு பாக்க வந்திருந்தாங்க. ஆட்டக்காரனுக்கு நிரந்தர வேலை குடுக்குற கம்பெனி. நடு ஆட்டக்காரன் ஒருத்தன் வேணும், வயசு இருவத்தெட்டைத் தாண்டக் கூடாது. லூர்துக்கு அடுத்த மாசம் இருவத்தி ஒன்பது. பெண்டாட்டி முழுகாம இருந்தா. அவன் என்கிட்ட வந்து ரெண்டு நாளு முன்னாடிதான் சொன்னான், "மச்சான், அந்த ஒரு மேட்ச்சு முழுசா ஆடிட்டா போதும்டா, செட்டில் ஆயிடுவேன்"னு. எனக்கு வயசு தாண்டிடுச்சு, அந்த வேலை எனக்குக் கெடைக்கவே கெடைக்காது. எனக்கு ஒண்ணுமே இல்லாத இடத்துல அவனைத் தள்ளிட்டு நான் போய் நின்னேன்.

ஏன்னு கேக்காதீங்க. கேப்டன் வெளிய உக்காந்தா மானம் போயிடுமேன்னு நெனைச்சேன். அப்ப நான் மானம்னு நெனைச்சது அதைத்தான்.

மேட்ச்சைச் சொல்றேன். நம்ம ஊர்லயே, நல்ல கூட்டம். இருவதாவது நிமிஷம் நாம கோல் போட்டோம். அப்புறம் அவன் ஒண்ணு. அறுவத்தெட்டுல அவன் இன்னொண்ணு. ரெண்டு-ஒண்ணு. ஒரு கோல் பின்னாடி. இன்னும் இருவது நிமிஷத்துக்கு மேல கெடக்கு. எனக்கு அந்தப் பேப்பரு ஞாபகம் வருது சார், ஒரு கோல் பின்னாடி, அறுவது மீட்டர். இன்னைக்காச்சும் ஓடிடணும்னு நெனைக்கிறேன். நம்ம பின்வரிசை ஆளு இம்ரான் பந்தை வெச்சுக்கிட்டு என்னைத் தேடுறான். "சற்குணண்ணா, வாங்க"ன்னு கத்துறான். என் காலு என்னைக் கேக்காம அந்த எதிராளி முதுகுக்குப் பின்னால போயிடுச்சு. அவன் வேற வழியில்லாம தூக்கி அடிச்சான், அது நேரா அவனுங்ககிட்ட போய் விழுந்து, அப்படியே திரும்பி வந்து மூணாவது கோல்.

மூணு-ஒண்ணு. எண்பதாவது நிமிஷம்.

அதுக்கப்புறம் நான் ஓடுன ஓட்டத்தை நீங்க பாத்திருக்கணும். இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும். ரெண்டு தடவை சறுக்கி விழுந்து பந்தைப் புடுங்குனேன், முட்டி கிழிஞ்சு ரத்தம். கூட்டம் எழுந்து நின்னு கை தட்டுது. எக்ஸ்பிரஸ் எக்ஸ்பிரஸ்னு கத்துது. அந்தப் பத்து நிமிஷமும் லூர்து பெஞ்சுல உக்காந்து என்னையே பாத்துட்டு இருந்தான். அவன் மட்டும் கை தட்டல.

விசில் ஊதுனப்புறம் துண்டும் தண்ணி பாட்டிலும் எடுத்துட்டு வந்தான். என் முட்டியைத் தொடைச்சான். "நல்லா ஓடிட்டடா"ன்னான்.

நம்ம பாஷையில அதுக்கு ரெண்டு அர்த்தம் சார். ஓட்டத்தையும் ஓடிட்டான்னுதான் சொல்றோம், பயந்து போயிட்டாலும் ஓடிட்டான்னுதான் சொல்றோம். அவன் எதைச் சொன்னான்னு ஒன்பது வருஷமா யோசிக்கிறேன். அவனுக்குப் பேப்பரு விஷயம் தெரியாது. தெரிய வாய்ப்பே இல்ல. ஆனா கூட ஆடுறவனுக்கு மிஷினு வேணுமா?

மறுநாளு நியூஸ் பேப்பர்ல போட்டான், "கடைசி விசில் வரை ஓடிய கேப்டன்"னு. போட்டோவோட. ரோசலின் அதை வெட்டி பீரோ கண்ணாடியில ஒட்டிட்டா. பெனாசிர் ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் பண்ணுச்சு. "ரெண்டு பேப்பரையும் பாத்தப்புறமுமா அண்ணா, லூர்து அண்ணனை உக்கார வெச்சாரு?"ன்னுச்சு.

"பாத்தாரும்மா"ன்னேன்.

கவரு விஷயத்துல அந்த ஒண்ணுதான் நான் வாயைத் தொறந்து சொன்ன பொய்யி. "அப்ப நான்தான் சரியா எழுதல போல"ன்னுட்டு வெச்சிடுச்சு. பாவம், அதுக்கப்புறம் அந்த வேலையே வேணாம்னு விட்டுட்டதா கேள்வி.

லூர்துக்கு வேலை கெடைக்கல. இங்க பெரியபாளையத்துல ஒரு ஸ்கூல்ல விளையாட்டு சொல்லிக் குடுக்குறான், நிரந்தரமும் இல்ல ஒண்ணும் இல்ல, வருஷா வருஷம் எழுதிக் குடுத்துப் புதுப்பிக்கணும். பொண்ணுங்க டீமு. இன்னைக்கு அதுங்களுக்கு பைனலு. போன வாரம் கூப்பிட்டான். "மச்சான், நீதான் வந்து கப்பு குடுக்கணும். அப்படியே ஓடுறதைப் பத்தி நாலு வார்த்தை பேசிடு, அதுங்க நீ சொன்னா கேக்கும்"னான். நேத்து பிளெக்ஸ் போட்டோ அனுப்பியிருக்கான். இருங்க காட்டுறேன். இதோ, என் மூஞ்சி. கீழ படிங்க. வேணாம், நானே சொல்றேன். "கடைசி விசில் வரை ஓடிய கேப்டன் சற்குணம் அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்."

அதைப் பாத்துட்டு நேத்து சோத்துத் தட்டை அப்படியே வெச்சிட்டு எழுந்துட்டேன். அந்த சாக்ஸு பேப்பரைத் தேடி எடுத்தேன். கிழிச்சுப் போடலையேன்னு கேட்டீங்கன்னா, கிழிக்கவும் தைரியம் இல்லாம போச்சு. காலையில சவரம் பண்ணும்போது கண்ணாடியைப் பாத்துச் சொல்லிப் பாத்தேன். லூர்து, அந்த இடம் உன்னுதுடா. நான்தான் ஒளிச்சேன். இவ்ளோதான். ரெண்டு வரி. மூணு தடவை சொல்லிப் பாத்தும் பாதியிலயே நின்னுடுச்சு.

உங்ககிட்ட மட்டும் பாருங்க, வாய் தானா ஓடுது. நீங்க யாரோ, நான் யாரோ. எறங்கிப் போயிட்டா அவ்ளோதான். ஆனா மனசு லேசாத்தான் இருக்கு சார். உங்ககிட்ட சொன்னதே அவன்கிட்ட பாதி சொன்ன மாதிரிதான்.

உங்க மேட்ச்சு என்ன ஆச்சு? ஒண்ணு-ஒண்ணா? எண்பத்தெட்டா? அப்ப எல்லாவனும் ஓடுவான் இப்ப. பாருங்க, அந்த எட்டாம் நம்பர் எப்படிக் கேட்டு வாங்குறான் பந்தை. என்கிட்ட குடு என்கிட்ட குடுன்னு கையைக் காட்டுறான் பாருங்க. என்ன தைரியம்.

பெரியபாளையம் வந்துடுச்சா? அதுக்குள்ளயா?

அதோ. டீக்கடை பக்கத்துல வெள்ளைத் தொப்பி, கழுத்துல விசிலு. லூர்துதான். தொப்பை வெச்சிட்டான். பக்கத்துல ஜெர்சி போட்டுக்கிட்டு ரெண்டு பொண்ணுங்க. கையில என்னது அது? மாலை சார். மாலை வாங்கி வெச்சிருக்கான் எனக்கு. பஸ்ஸு ஜன்னல் ஜன்னலா பாக்குறான். கொஞ்சம் இப்படிச் சாஞ்சுக்குங்க சார், உங்க பை மறைக்கட்டும்.

இல்ல சார், நீங்க எறங்குங்க. நீங்க போங்க. எனக்கு ஷூ கயிறு அவுந்துடுச்சு.

சார், ஒரு நிமிஷம். ஒரே ஒரு உதவி. இந்தக் கவரை அவன் கையில குடுத்துடுங்க. ஒண்ணும் சொல்ல வேணாம், பிரிச்சா தெரிஞ்சுப்பான். கண்டக்டர், ஊத்துக்கோட்டைக்கு ஒரு டிக்கெட்டு குடுங்க. யாரு குடுத்தாங்கன்னு கேட்டான்னா சற்குணம்னு சொல்லுங்க. ஆளு எங்கன்னு கேப்பான்.

ஓடிட்டான்னு சொல்லுங்க சார். அவனுக்குப் புரியும்.